மதினியின் விட்டில் வாளி

அன்பு குறையாத என் மதினிக்கு,

பங்குனி பிறந்துவிட்டது. சேரன்மாதேவியில் வேம்பு பூத்துக் கிடக்கிறது. வாய்க்கால் மருதமரத்தில் மாங்குயில் இன்னும் இருக்கிறது. இந்த வருடம் கிளம்ப மனசில்லை போல.

தொண்ணூற்று இரண்டில் புருஷன் வீடு வேண்டாமென்று ஒரு பெட்டியோடு நான் அண்ணன் வீட்டுக்கு வந்தபோது, தெருவே காரணம் கேட்டது. நீங்கள் கேட்கவில்லை. மறுநாள் விடிந்ததும் என்னைப் புழக்கடைக்குக் கூட்டிப்போய் ஒரு நோட்டைக் கையில் கொடுத்தீர்கள். அங்கே, வெளிச்சத்துக்கு வரும் பூச்சிகளைப் பிடிக்க இரவெல்லாம் மேலே பல்பு எரிந்த வாளி. உள்ளே போட்டிருந்த முட்டை அட்டைகளின் குழிகளில் விட்டில் பூச்சிகள் உறங்கிக்கொண்டிருந்தன.

“பைய வா. நான் எண்ணுதேன், நீ எழுது. பேசணும்னு இல்ல.”

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அதட்டும் டீச்சரா நீங்கள் என்றிருந்தது. எண்ணியதும் ஒவ்வொன்றையும் செடிகளுக்குள் விட்டோம். கரிச்சான் குருவி வந்து ஒன்றைக் கொத்திப் போனால் அதையும் எழுதச் சொல்வீர்கள். மூன்று பங்குனி அப்படிப் போனது. கடைசிவரை ஏன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, மதினி? கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

போன ஐப்பசியில் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோன பிறகு அண்ணன் அழவேயில்லை. புழக்கடைக் கதவைத் தாழிட்டதோடு சரி. வேலைக்குப் போவார், வருவார், சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவார். எனக்குப் பயமாக இருந்தது.

போன வாரம் நானே தாழைத் திறந்து வாளியை வைத்தேன்.

“ஏட்டி, எதுக்கு இதெல்லாம்? அவளே போயிட்டா” என்றார். நான் பல்பைப் போட்டேன்.

காலையில் அட்டையைத் தூக்கினால், உள்ளங்கை அகலத்தில் பச்சையாக ஒன்று. இலை என்றே நினைத்தேன். நோட்டைப் புரட்டியும் பெயர் பிடிபடவில்லை. “அண்ணே, இது என்னன்னு தெரியுதா?” என்று கூப்பிட்டேன்.

வந்து குனிந்து பார்த்தார்.

“அரளி விட்டில். ஒரு நாள், பச்ச இலை மாதிரி ஒண்ணு வந்திருக்கு, பாருங்கன்னு என்னய எழுப்புனா. தூக்கத்தக் கெடுக்கியேன்னு சத்தம் போட்டுட்டுத் திரும்பிப் படுத்துட்டேன், கோமதி.”

துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அழுதார். ஐந்து மாத அழுகை. நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

பிறகு அதை விரலில் ஏற்றி நந்தியாவட்டைக்குள் விட்டார். கரிச்சான் வரவும் தோள்துண்டை வீசி விரட்டினார். நீங்கள் இருந்திருந்தால், குருவிக்கும் பசிக்கும் என்று அவரைத்தான் அதட்டியிருப்பீர்கள்.

அன்று நாலு தோசை சாப்பிட்டார். சாயங்காலம், “பல்பை நீ போடுதியா, நான் போடட்டா?” என்று கேட்டார். அவரே போட்டார்.

இனி அவரைத் தனியாகச் சாப்பிட விடமாட்டேன், மதினி. உங்கள் பேச்சை எடுத்துக்கொண்டு எதிரில் உட்காருவேன். இது வாக்கு.

நாத்தனாராக வந்து உங்கள் தங்கையாகிப்போன,
கோமதி