பத்து நாள் மாத்திரை

1968 ஜூன் 10, திங்கள்

விடாத மழை. கொடியில் மூன்று நாள் துணி. வெள்ளிக்கிழமை தீவிலிருந்து மெட்ராசுக்குக் கப்பல், கப்பலில் சமைக்கிற பண்டாரி அண்ணனிடம் சாமான் சிட்டு கொடுக்க வேண்டும். போன சிட்டைப் பார்த்து எழுதியாச்சு: நல்லெண்ணெய், சீயக்காய், என் மூச்சிழுப்பு மாத்திரை நாலு பாட்டில்.

முகம் இன்னும் உப்பல். பக்கத்து வீட்டு வங்காள தீதி, "ஆரே, சேஹத் பன் கயா!" உடம்பு தேறிவிட்டதாம். டெலானிபூர் மேடு ஏறத் தொடை நடுங்குகிறது, இதுவா தேறிய உடம்பு? இவர் கிட்னிதான் என்று முடிவு கட்டி, மூன்று வாரமாக உப்பில்லாக் கஞ்சி. எரிச்சல் எரிச்சலாக வருகிறது.

ஜூன் 12, புதன்

தனியாக ஆஸ்பத்திரி. இவர் கடலில். புது டாக்டர், சின்ன வயது. ரத்தக்கொதிப்பு எக்கச்சக்கம். மூத்திரத்தில் சர்க்கரை, புரதமும் போகிறதாம்.

"இழுப்பு மாத்திரை எத்தனை நாளா?"

"ரெண்டு வருசமா, தினம் ரெண்டு."

பேனாவை வைத்துவிட்டார்.

"கிட்னிக்கு மேல சின்ன சுரப்பி இருக்கு. அதுல ஊறுறதைத்தான் நீங்க மாத்திரையா முழுங்குறீங்க. அளவு மீறினா பிரஷர் ஏறும், சர்க்கரை ஏறும். ரெண்டும் கிட்னியைக் கெடுக்கும். ஆனா சட்டுனு நிறுத்தாதீங்க. சுரப்பி தூங்கிப்போச்சு, உயிருக்கே ஆபத்து. மெல்லக் குறைக்கணும். முன்ன டாக்டர் எழுதிக் கொடுத்த பழைய சீட்டு இருந்தா தேடுங்க."

கிட்னி கெட்டு முகம் வீங்கவில்லை. முகத்தை வீங்க வைத்தது கிட்னியையும் கெடுக்கிறது. சரியாகத்தான் எழுதுகிறேனா? கெடுப்பதும் அதுவே, விடக் கூடாததும் அதுவே. தலை சுற்றுகிறது.

ஜூன் 13, வியாழன்

கடலிலிருந்து வந்ததும் இவரிடம் "மாத்திரையாலதானாம்" என்றேன். மீதி சொல்வதற்குள் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓட்டம்.

"இந்த வெசத்தையாட்டி ரெண்டு வருசமாத் தின்னே!"

அத்தனையும் சாக்கடையில். மழைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விட்டது. சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்று சொன்னதும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் பேசாத பேச்சில்லை. புத்தி கெட்ட மனுசன் என்றுகூட.

மத்தியானம் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். எட்டு நாளுக்கு மாத்திரை தந்தார் டாக்டர். "கப்பல் திரும்பி வர்ற வரைக்கும்தான் இது." இவர் கைகட்டி, "எம் மேலதான் தப்பு சார்" என்றார். பாவம்.

ஜூன் 14, வெள்ளி

மழை விட்டிருக்கிறது. டாக்டர் குறைத்தபடி இன்று மாத்திரை ஒன்றரை.

பழைய சீட்டு கிடைத்தது, செபப் புத்தகத்துக்குள். தினம் இரண்டு, பத்து நாள் மட்டும். அடியில் கோடு வேறு. முதல் சிட்டில் மாத்திரைப் பேரை மட்டும் எழுதினேன், கப்பல்காரருக்கு நாள் எதற்கு என்று. அடுத்த சிட்டு அதைப் பார்த்து. அதற்கடுத்தது அதைப் பார்த்து. எல்லாம் என் கையெழுத்து. நேற்று யாரைத் திட்டினேன்! வெட்கமாக இருக்கிறது. பயமாகவும்.

இவருக்குப் படிக்கத் தெரியாது. ஒளித்தால் ஒளிந்துவிடும்.

அடுப்படியிலிருந்து இவர், "கையில என்னட்டி சீட்டு? வாசி பாப்பம்."

வாசித்தேன். பத்து நாளையும் சேர்த்து.