பத்தொன்பது ஒன்றுகள்

வல்லம்,
3.2.1974

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதங்கள் எல்லாம் வந்தன. குழந்தையை அடக்கம் செய்த பிறகு, எழுத உட்கார்ந்தாலே கை ஓடவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது ஒரு கணக்கில் இருக்கிறேன். ஒன்று என்ற இலக்கத்தைப் பத்தொன்பது முறை வரிசையாக எழுதினால் வருகிற எண்ணை, ஒன்றையும் அதையும் தவிர வேறு ஏதாவது எண் மீதியில்லாமல் வகுக்குமா? காலேஜில் கேட்ட கேள்வி. வகுக்காது, அது பகா எண் என்றே தோன்றுகிறது. பழைய காலண்டர் தாள் முழுக்க வகுத்துக்கொண்டிருக்கிறேன். "இன்னாம்மா, சோறுகூட துன்னாம கணக்கு போட்டுக்கினு கீறே?" என்று அத்தை அழுகிறார்கள்.

உங்கள்
அன்னபுஷ்பம்

ஜம்மு,
17.2.1974

அன்பு புஷ்பம்,

உனக்குப் புத்தி பேதலித்துவிட்டதாக அம்மா ஆள் வைத்து எழுதியிருக்கிறார்கள். வேளாங்கண்ணிக்கு அழைத்துப்போக வேண்டுமாம். பயத்தோடுதான் உன் கடிதத்தைப் பிரித்தேன். படித்ததும் பயம் போய்விட்டது. கல்யாணமான புதிதில் பேசுவாயே, அதே பேச்சு. நானும் ஏழாலும் பதின்மூன்றாலும் வகுத்துப் பார்த்தேன். இரண்டிலும் மீதி ஒன்று. பட்டாளத்தில் ரேடியோ பழுதுபார்க்கிறவனுக்கு அவ்வளவுதான் வரும்.

ஒரு குறை. நம் பிள்ளையைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருக்கிறாய். நான் அவளைப் பார்க்கவே இல்லையே, புஷ்பம்.

ஆபிரகாம்

வல்லம்,
4.3.1974

அன்புள்ள அத்தானுக்கு,

அவளுக்கு உங்கள் காது. விரலைக் கொடுத்தால் இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். ஏன் போனாள் என்று டாக்டரம்மாவும் சொல்லவில்லை, பங்குச் சாமியாரும் சொல்லவில்லை.

கணக்கில் மட்டும் ஒரு காரணம் கிடைத்தது. அந்த எண்ணை ஒரு பகா எண் வகுக்க வேண்டுமானால், முப்பத்தெட்டால் வகுத்து மீதி ஒன்று வருகிற எண்ணாகத்தான் அது இருக்க முடியும். உங்கள் ஏழும் பதின்மூன்றும் வகுக்கவே முடியாது. ஏன் முடியாது என்று நானே நிரூபித்தேன், அத்தான்! அன்றைக்கு மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஆனாலும் மிஞ்சுகிறவை லட்சக்கணக்கில். ஒவ்வொன்றாக வகுக்க ஆயுள் போதாது. வேறு வழி உண்டா என்று மெட்ராஸில் என் பேராசிரியை லீலாவிடம் கேட்க வேண்டும். அத்தை அனுப்ப மாட்டேன் என்கிறார்கள்.

அன்னபுஷ்பம்

ஜம்மு,
15.3.1974

புஷ்பம்,

அந்தக் காது வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

"அவளைத் தடுக்காதே, நீயும் கூடப் போ" என்று அம்மாவுக்கு எழுதிவிட்டேன். போய் வா.

ஆபிரகாம்

வல்லம்,
2.4.1974

அன்புள்ள அத்தானுக்கு,

சுங்குவார்சத்திரத்தில் பஸ் ஏறி, அத்தையும் நானும் போய்வந்தோம். பேராசிரியை என் தாள்களைப் பார்த்துவிட்டு, "இது பகா எண்தான். ஐம்பது வருஷம் முன்னாடியே நிரூபிச்சுட்டாங்களே" என்றார். நான் தாள்களை மடித்துக்கொண்டு எழுந்தேன். அத்தைதான் விடவில்லை.

"அப்போ எம் மருமவ போட்டது தப்பாம்மா?"

"தப்பே இல்லைங்க. யாரும் சொல்லித் தராம முப்பத்தெட்டைப் பிடிச்சிருக்கா. இவ எம்.எஸ்ஸி. படிக்கணும்."

இருபத்துமூன்று ஒன்றுகளும் பகா எண்ணாம். அதற்கப்பால் எது என்று உலகத்தில் யாருக்கும் இன்னும் உறுதியாகத் தெரியாதாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

திரும்பும்போது பஸ் பூந்தமல்லி தாண்டியது. அத்தை, "ஜூன்ல சேந்துடு. வூட்ட நான் பாத்துக்கிறேன்" என்றார்கள்.

லீவு கேட்டு வாருங்கள். கல்லறைக்கு நான் இன்னும் போகவில்லை. நாம் சேர்ந்து போகலாம். அப்புறம் என்னை ஹாஸ்டலில் கொண்டுபோய் விடுங்கள். டிரங்குப் பெட்டி தூக்க ஆள் வேண்டும்.

உங்கள்
புஷ்பம்