பேருந்தின் மூன்றாவது விளக்கு

என் பிரியமுள்ள மதினி,

நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு உங்கள் போனை அணைத்து வைக்க வீட்டில் யாருக்கும் மனசு வரவில்லை. அண்ணன் அதை என் கையில் கொடுத்துவிட்டான். "கட்டை விஷயமா யாராச்சும் கூப்பிட்டா நீ பேசு சாந்தி, எனக்கு ஏலாது" என்றான். பிள்ளைகளுக்கு நாம் கொடுக்கிற விளையாட்டுக் கட்டைப் பெட்டிகளின் மூடியில் இன்னும் உங்கள் நம்பரைத்தான் ஒட்டுகிறோம். அந்த நம்பருக்கு ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்த அழைப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன். நம் கட்டைக் குழு ஆட்களும் இதைப் படிக்கட்டும். ஆனால் சொல்வது உங்களிடம்தான்.

உங்கள் மகனுக்கு வாங்கிய கட்டைப் பெட்டியை அவன் ஒரே வாரத்தில் ஒதுக்கிவிட்டான். நீங்கள் அதைப் பிடித்துக்கொண்டீர்கள். அடுப்பு வேலை முடிந்ததும் தரையில் துண்டை விரித்து, குட்டிக் குட்டி பிளாஸ்டிக் கட்டைகளை ஒன்றோடொன்று அழுத்தி வீடும் தேரும் கட்டினீர்கள். "பொம்பள, அதுவும் இந்த வயசுல வெளாடுதா பாரு" என்று தெரு சிரித்தது. பிறகு மெடிக்கல் ஷாப் ராஜாமணி அண்ணாச்சி, பேங்க் வேலைக்குப் போகிற ஒரு அம்மா, பாலிடெக்னிக் பையன்கள் சிலர் என்று இதே பைத்தியம் பிடித்தவர்கள் கோவில்பட்டிக்குள்ளேயே கிடைத்தார்கள். கோடை லீவில் பள்ளிக்கூட ஹாலில் நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டையே கட்டையால் கட்டி வைத்தீர்கள். ஜனம் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து, தங்கள் கடை எங்கே இருக்கிறது என்று குனிந்து தேடியது. வசூலான பணத்தில் கரிசக்காட்டு ஊர்ப் பிள்ளைகளுக்குப் பெட்டி வாங்கிக் கொடுத்தீர்கள்.

நான் உங்கள் பின்னால் பை தூக்கிக்கொண்டு நின்றவள். என் பயம் உங்களுக்குத் தெரியும். "இவளுக்கு ரோட்டக் கடக்க ரெண்டு பேரு வேணும்" என்று சிரிப்பீர்கள். இந்த வருஷம் முன்னால் நின்று கொடுக்க வேண்டியவள் நானாகிவிட்டேன்.

பசுவந்தனைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊருக்குப் போனோம். முந்தின நாள் மழை. கார் டயரில் கரிசல் அப்பி நகரமாட்டேன் என்றது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் வரைக்கும் நடந்தோம். ரெண்டாவது படிக்கிற தர்ஷினி என்ற பிள்ளைக்கு ஒரு பஸ் பெட்டி கொடுத்தேன். சிவப்பு பஸ். முன்பக்கம் ரெண்டு மஞ்சள் விளக்கு. பெட்டியை வாங்கிய கையோடு அவள் என்னிடம், "இது எட்டயபுரம் போவுமா?" என்று கேட்டாள். "நீ ஓட்டுனா போவும்" என்றேன். முதல் தடவையாக எனக்குப் பயமே இல்லாமல் இருந்தது, மதினி.

அடுத்த வாரம்தான் உங்கள் போன் அடித்தது.

"நீங்கதான பொம்ம குடுத்தீங்க?" ஒரு பெண் குரல். பின்னால் ஒரு குழந்தை இருமிக்கொண்டே இருந்தது. "நான் தர்ஷினி அம்மா பேசுதேன். சின்னவன் எதையோ முழுங்கிட்டான். மூச்சு இழுக்குது. திருநவேலி பெரியாஸ்பத்திரிக்கு வந்திருக்கோம். அந்த பொம்மையில என்னென்ன துண்டு இருக்குன்னு டாக்டர் கேக்காவ. எனக்கு என்ன தெரியும்? நீங்க வாங்க."

அந்த வீட்டில் ஒரு சின்னவன் இருக்கிறான் என்றே எனக்குத் தெரியாது. யாரும் கேட்கவில்லை. பெரிய பிள்ளைக்கு ஏற்ற பெட்டியா என்று மட்டும் பார்த்தோம். வீட்டுக்குள் இன்னும் யார் தவழ்கிறார்கள், நடக்கிறார்கள் என்று பார்த்தோமா? நீங்கள் இருந்திருந்தால் கேட்டிருப்பீர்களா?

அண்ணாச்சி கடையைப் பாதியில் சாத்திவிட்டுக் காரை எடுத்தார். கயத்தாறு தாண்டியதும் அவர்தான் ஆரம்பித்தார்.

"கேஸாயிரும் சாந்தி. வக்கீல்ட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போவமா?"

"மொதல்ல பிள்ளையப் பாப்போம் அண்ணாச்சி."

வாய் அப்படிச் சொன்னதே தவிர, வண்டி எங்காவது நின்றுவிடக்கூடாதா என்று உள்ளுக்குள் கிடந்து துடித்தேன். நாங்கள் போய்ச் சேருவதற்குள் அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தால் அந்தத் தாயின் முகத்தை எப்படிப் பார்ப்பது?

தாயின் பெயர் மாரீஸ்வரி. தீப்பெட்டி ஆபீஸில் வேலை. புருஷன் லாரியில் வடக்கே போயிருந்தார். வார்டு வராண்டாவில் நின்றாள், வேலைக்குக் கிளம்பியவள் அப்படியே வந்த சேலையோடு. தர்ஷினி பக்கத்தில் ஒரு மஞ்சப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பைக்குள் கட்டைகள் சலசலத்தன.

சின்னவன் யோகேஷுக்கு இப்போதுதான் நடை பழகியிருக்கிறது. உள்ளே கட்டிலில் கிடந்தான். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போய் வந்தது. விசில் மாதிரி ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை எழுத்தில் எழுத எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடிக்கும் முன்னால் புஸ் என்று ஒரு சத்தம் வருமே, அது கேட்டால் எழுந்து நின்றுவிடுகிறேன்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். நிதானமாகச் சொன்னார்: "எக்ஸ்ரே படத்துல ஒண்ணும் தெரியலம்மா. பிளாஸ்டிக்கா இருந்தா படத்துல தெரியாது. வலது பக்கம் மூச்சு கொறைவா இருக்கு. சளி அடைச்சிருந்தாலும் இப்படி இருக்கும். முழுங்கினத யாரும் கண்ணால பாக்கல. துண்டு ஒண்ணு காணோம்னு உறுதியாத் தெரிஞ்சா இப்பவே மயக்கம் குடுத்து குழாய் விட்டுப் பாத்துருவோம். இல்லன்னா மருந்து குடுத்து நாளைக்கு வரைக்கும் பாக்கலாம். இவ்ளோ சின்னப் பிள்ளைக்கு மயக்கம் குடுக்கறதும் லேசான விஷயம் இல்ல."

துண்டு ஒன்று காணோமா இல்லையா. அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது. வராண்டாத் தரையில் மஞ்சப்பையைக் கவிழ்த்தேன்.

மதினி, நாம் எத்தனையோ கட்டியிருக்கிறோம். இப்படி ஒன்றைக் கட்டியதில்லை. பெட்டியோடு வருகிற, கட்டும் முறை படம் போட்ட புத்தகம் வீட்டிலேயே கிடந்துவிட்டது. தர்ஷினிதான் சொல்லச் சொல்ல எடுத்துக் கொடுத்தாள். சக்கரம், தரைத் தகடு, சீட்டு, ஜன்னல். ஒவ்வொரு கட்டையும் 'டக்'கென்று உட்காரும்போது, இது இருக்கிறது, இது பிள்ளையின் நெஞ்சுக்குள் இல்லை என்று ஒரு மூச்சு விட்டேன். அடுத்ததைத் தேடும்போது அந்த மூச்சு திரும்பவும் நின்றது. போகிறவர்கள் வருகிறவர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து விளையாடுகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

கடைசியில் பஸ் முழுசாக நின்றது. முன்பக்கம் மஞ்சள் விளக்கு ரெண்டும் இருந்தன. ஒரு ஓட்டை இல்லை, ஒரு இடைவெளி இல்லை.

மாரீஸ்வரி சுவரில் சாய்ந்தாள். "எல்லாம் இருக்குல்லா? அப்போ இது இல்ல. சளிதான். சளிதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அண்ணாச்சி கைகளைக் கூப்பி மேலே பார்த்தார்.

எனக்கும் அப்படிக் கூப்பத்தான் ஆசை. ஆனால் ஒன்று தெரிந்தவளாயிற்றே. நம் பெட்டிகளில் சின்னத் துண்டுகளைக் கம்பெனிக்காரர்கள் எப்போதும் ஒன்றிரண்டு கூடுதலாகப் போடுவார்கள், தொலைந்தால் இருக்கட்டும் என்று. விளக்கு மூன்றாவது ஒன்று இருந்திருக்க வேண்டும். பையை உதறினேன். இல்லை.

"தர்ஷினி, வீட்ல பஸ்ஸக் கட்டி முடிக்கையில மிச்சம் ஏதும் கெடந்துச்சா?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். இல்லை என்று தலையாட்டினாள்.

"அவளே இல்லங்கா. விட்டுரு சாந்தி" என்றார் அண்ணாச்சி, மெதுவாக.

விட்டுவிடலாம்தான். யாருக்கும் தெரியாது. சளி என்றால் சளி. கேஸும் கிடையாது, நம் குழுவுக்கு ஒரு சொல்லும் வராது. ஆனால் உள்ளே அந்த விசில் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் அவள் பக்கத்தில் தரையில் நகர்ந்து உட்கார்ந்தேன். "நான் உன்னய வையமாட்டேன். அம்மாவும் அடிக்காம நான் பாத்துக்கிடுதேன். இருந்துச்சாத்தா?"

அவள் உதடு கோணியது. "ஒரு மஞ்ச லைட்டு இருந்துச்சு. தம்பி அழுதான். வெளாடட்டும்னு நாந்தான் குடுத்தேன்."

மாரீஸ்வரி அவளை அடிக்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "உங்கள யாரு எங்க ஊருக்கு வரச் சொன்னா?" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கட்டிய பஸ்ஸிலிருந்து ஒரு விளக்கை நகத்தால் கிளப்பி எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். விரல் நடுக்கத்தில் அது ஒரு தடவை கீழே விழுந்து உருண்டது. தவழ்ந்து போய்ப் பிடித்தேன். டாக்டர் அதை உள்ளங்கையில் போட்டு உருட்டிப் பார்த்தார். "வழவழன்னு இருக்கு. எதால பிடிக்கணும்னு பாத்துக்கிடுதோம். நல்ல வேளை கொண்டாந்தீங்க" என்று அதையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. மாரீஸ்வரி ஒரு மூலையில், நான் ஒரு மூலையில். தர்ஷினி நடுவில் ஒத்தை விளக்குப் பஸ்ஸோடு. நான் யாரைக் கும்பிட்டேன் தெரியுமா? சாமி பெயர் ஒன்றும் வாயில் வரவில்லை. உங்களைத்தான் கூப்பிட்டேன். கேட்டதா?

கதவு திறப்பதற்கு முன் அழுகைச் சத்தம் வந்தது. தொண்டை கம்மிப்போன, கோபமான அழுகை. மாரீஸ்வரி எழுந்து ஓடினாள். டாக்டர் ஒரு சின்ன டப்பாவை எங்களிடம் காட்டினார். அதன் அடியில் மஞ்சள் விளக்கு, கொஞ்சம் சளி ஒட்டிக்கொண்டு. நம்முடையதுதான்.

பிள்ளை நன்றாக இருக்கிறான், மதினி. சில நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்; விளக்கு ரெண்டும் ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டன. கேஸ் ஒன்றும் வரவில்லை.

ஆனால் பயம் போகவில்லை. உங்கள் வீட்டு முன்னறையில் அடுத்த ஊருக்கு வாங்கிய பெட்டிகள் அடுக்கி இருக்கின்றன. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு மூன்றாவது விளக்கு இருப்பது மாதிரியே தோன்றுகிறது. குழு கூடியபோது அண்ணாச்சி, "போதும்மா. இனிமே கண்காட்சி மட்டும் வைப்போம். கொடுக்க வேண்டாம்" என்றார். பாதிப் பேர் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். யாரோ ஒரு தாய் இன்னொரு தடவை என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்பதைவிட, பிள்ளைகள் கட்டை இல்லாமலேயே வளரட்டும் என்று நினைத்தேன். அப்படி நினைத்தது தப்பா?

அப்புறம் மாரீஸ்வரி கூப்பிட்டாள். அவள் பெயரைப் பார்த்ததும் உட்கார்ந்துகொண்டுதான் எடுத்தேன்.

"அக்கா, ஒரு லைட்டு கெடைக்குமா? ஒத்தக் கண்ணு பஸ்ஸு ரோட்டுல போவக்கூடாதுன்னு ஒரே அழுக, இவ."

அந்தத் துண்டையே கேட்கிறாள், மதினி. அதே துண்டை, அதே வீட்டுக்கு. "அத மட்டும் கேக்காத மாரீஸ்வரி. வேற எது வேணும்னாலும் கொண்டாரேன்" என்றேன்.

"வேற என்னத்துக்கு? லைட்டுதான் இல்ல."

போனேன். முன்னறைப் பெட்டி ஒன்றிலிருந்து எடுத்த விளக்கைச் சேலை முந்தானையில் முடிந்து, வழியெல்லாம் முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனேன். மாரீஸ்வரி கட்டைகளை ஒரு மூடி போட்ட தூக்குவாளியில் போட்டு, உத்தரத்துக் கொக்கியில் தொங்கவிட்டிருந்தாள். நான் வந்ததும் இறக்கினாள். தர்ஷினி விளக்கைப் பொருத்தி, இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினாள். யோகேஷ் அம்மா இடுப்பிலிருந்து அதற்கு எட்டிக் கை நீட்டினான். மாரீஸ்வரி அவன் விரல்களைத் தன் கைக்குள் மூடிக்கொண்டு, பஸ்ஸையே பார்த்தபடி சொன்னாள்:

"அன்னைக்கு நீங்க சளின்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம். போவலல்லா. அடுத்த ஊருக்கு எப்பப் போறீங்க?"

"போவல. நிறுத்திட்டோம்."

"ஏன் நிறுத்துதீங்க? குடுக்க முன்னாடி அம்மாமாரக் கூப்பிட்டு உக்கார வைங்க. நான் வந்து சொல்லுதேன். என் பிள்ளைக்கு நடந்தத நான் சொன்னா கேப்பாவ. நீங்க சொன்னாக் கேக்க மாட்டாவ."

சரி என்று தலையை ஆட்டினேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை இடைசெவல் பக்கம் போகிறோம். அண்ணாச்சி முணுமுணுத்துக்கொண்டே காருக்கு டீசல் போட்டுவிட்டார். மாரீஸ்வரி ரெண்டு பிள்ளைகளோடும் வருகிறாள். ஒவ்வொரு பெட்டியையும் தாய்மார் முன்னால் பிரிப்போம். மிச்சத் துண்டுகளை எடுத்துத் தனியே அவர்கள் கையில் கொடுப்போம். தவழ்கிற, நடை பழகுகிற பிள்ளை இருக்கிற வீட்டுக்கு வாயில் நுழையாத பெரிய கட்டைகள் மட்டும்தான். இதெல்லாம் செய்தாலும் ஏதாவது ஒன்றை விட்டுவிடுவோமோ என்றுதான் இருக்கிறது. அப்படித்தான் இருக்கும்போல.

பயப்படாமல் கொடுப்பேன் என்று உங்களிடம் சத்தியம் செய்ய முடியாது, மதினி. கை நடுங்கும். நடுங்குகிற கையாலேயே கொடுப்பேன். அதற்கு மட்டும் சத்தியம்.

என்றும் உங்கள் நாத்தனார்,
சாந்தி