தோளுக்கு மேல் ஒன்றும் வேண்டாம்

என் பவளக்காவுக்கு,

தோள் நோவில்லாத ஓரிடத்தில் இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். அங்கேயும் கதவுகள் இருந்தால், அவற்றைத் தூக்கித் திறக்கச் சொல்லி உங்களை ஒருவரும் கேட்காமல் இருக்கட்டும்.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன், பிறகு ஆறுதலாகச் சண்டை பிடிக்கிறேன். எங்கள் கார்க் கராச்சுக்கு மோட்டர் போட்டாச்சு! றிமோட்டில் ஒரு அமத்து அமத்தினால் கதவு தானாகச் சுருண்டு மேலே போகிறது. ஓம் அக்கா, அதே இரும்பு றோலர் கதவுதான். உங்களைக் கடைசிக் காலத்தில் கார் ஓட விடாமல் வீட்டுக்குள் இருத்தி வைத்த அதே கோதாரி.

மண்கும்பானில் ஒரு பழைய காருக்கு மோட்டர்க் கதவு என்னத்துக்கு என்று ஊரில் கேட்காத ஆளில்லை. சிலர் முகத்துக்கு நேரே கேட்டார்கள், சிலர் வேலிக்கு அங்கால் நின்று சிரித்தார்கள். அவர்களும் இதை வாசிக்கட்டும் என்றுதான் உங்களுக்கு எழுதுகிற கடிதத்தை எல்லோருக்கும் தெரிய எழுதுகிறேன்.

அப்பா மாத்தறையில் கடை வைத்திருந்தபோது வாங்கிய சாம்பல் நிறக் கார் அது. அவருக்குப் பிறகு அதை ஓடினது நீங்கள். தீவுப்பகுதியில் மருத்துவமாதாக வேலை செய்த காலம் முழுவதும், பிள்ளைத்தாய்ச்சிகளைப் பின்சீற்றில் ஏற்றிக்கொண்டு ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குப் பறந்தது அந்தக் காரில்தான். இன்றைக்கு என்னைப் பார்த்துச் சிரிக்கிறவர்களில் எத்தனை பேரை அந்தச் சீற்றில் அவர்களின் தாய்மார் வயிற்றோடு கொண்டுபோயிருப்பீர்கள்? அதை ஒருவரும் நினைப்பதில்லை.

ஓய்வு பெற்ற பிறகும் ஓடினீர்கள். பிறகு வலது தோள் இறுகியது. ஸ்ரேறிங் பிடிக்கக் கை இருந்தது, கியர் மாற்றக் கை இருந்தது. கதவைத் தூக்கத்தான் கை இல்லை. உப்புக்காற்றில் துருவேறி அந்தக் கதவும் வருசா வருசம் பாரமாகிக்கொண்டு போனது. அப்போது நான் விடியவே பள்ளிக்கூடக் கந்தோர் வேலைக்குப் பஸ் எடுக்கிறவள். திறந்து வைத்துவிட்டுப் போகிறேன் என்றால் நீங்கள் விடவில்லை. ஒருநாள் திறந்துவிட்டுப் போனதற்கு ஆடு ஏறி முன்சீற்றைத் தின்றுவிட்டது, நினைவிருக்கிறதா? அயலில் பொடியன்களைக் கூப்பிடுவோம் என்றேன்.

“ஒரு கதவு திறக்க நான் ஒவ்வொரு நாளும் ஆரேன் ஒரு ஆம்பிளையைக் கூப்பிடோணுமோ? நல்ல கதை!” என்றீர்கள்.

குணம் அண்ணையைக் கேட்டீர்கள். உங்களுக்குத் தம்பி, எனக்கு அண்ணை, கனடாவில் றோட்டில் வரும்போதே கைக்குள் எதையோ அமத்திக் கராச்சைத் திறக்கிறவர். அப்போது யாழ்ப்பாணக் கடைகளில் அந்தச் சாமான்கள் இல்லை. காசு நான் தாறன், நீ பார்த்து வாங்கிக் கொண்டு வா என்றுதான் கேட்டீர்கள். வாழ்நாளில் அவரிடம் நீங்கள் கேட்ட ஒரே பொருள். அவர் வீடியோவில் வயிறு குலுங்கச் சிரித்தார்.

“மண்கும்பானிலை கிடக்கிற ஓட்டைக் காருக்கு மோட்டர்க் கதவோ? அக்கா, உங்களுக்கென்ன விசரே?”

நீங்களும் சிரித்தீர்கள். போனை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய் வெறும் கேத்திலை அடுப்பில் வைத்துக்கொண்டு நின்றீர்கள். நான் பார்த்தேன் அக்கா. அதற்குப் பிறகு நீங்கள் காரைப் பற்றிக் கதைக்கவே இல்லை. இடது தோளில் பையைக் கொழுவிக்கொண்டு வெயிலில் பஸ்ஸுக்கு நிற்பீர்கள். கேட்டால், “பஸ்ஸிலை போனால் நாலு சனத்தைக் காணலாம்” என்பீர்கள். அது உண்மையா? இல்லை, எனக்காகச் சொன்னதா?

பிறகு காய்ச்சலென்று படுத்தீர்கள். எழும்பவே இல்லை.

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு அண்ணையிடமிருந்து போன் வந்தது. கொழும்பில் யாரோ பழைய கார் சேர்க்கிறவர் நல்ல விலைக்குக் கேட்கிறாராம், கொடுத்துவிடு என்றார். கராச்சை ஒதுக்கி வை, நாங்கள் திருவிழாவுக்கு வந்து போகும்போது பாவிக்கிற சாமான்களை அதற்குள் போடலாம், மடக்குக் கட்டில், பிரிட்ஜ், கனடாவில் இருந்து சாமான் போட்டு அனுப்புகிற பீப்பாய்கள் என்று அடுக்கிக்கொண்டே போனார். கடைசியில் ஒரு சொல் சொன்னார் பாருங்கள்:

“நீ தனிச்சீவன். உனக்கென்னத்துக்குக் கராச்?”

எனக்கு உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது. போனை வைத்தேன். அடுத்த கிழமையே யாழ்ப்பாணத்தில் கார் பழக்குகிற இடத்தில் போய்ப் பெயரைக் கொடுத்தேன். பென்சன் எடுத்த கிழவி என்று அங்கிருந்த பெட்டையள் முதலில் வாய்க்குள் சிரித்தார்கள், பிறகு என்னோடு ஒட்டிக்கொண்டார்கள். லைசன் கையில் கிடைத்த அன்று நேரே போனது மோட்டர்க் கதவுச் சாமான் விற்கிற கடைக்கு. இப்போது அங்கே அதெல்லாம் வந்துவிட்டது. உங்களுக்குத்தான் பொறுக்க நேரம் இருக்கவில்லை.

மோட்டரைப் பூட்ட வந்த பொடியன் நிறோசன். வந்து இறங்கினதும் சுற்றிப் பார்த்துவிட்டு, “அன்ரி, வீட்டிலை ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ? என்னென்ன போடுறதெண்டு கேக்கோணும்” என்றான்.

“இருக்கினம் தம்பி, வேலியிலை கட்டிக் கிடக்குது ஒரு கிடாய். அதை வேணுமெண்டால் கேளும். இல்லாட்டி என்னைக் கேளும்.”

அவன் நல்ல பொடியன், சிரித்துவிட்டான். பிறகு என்னைத்தான் கேட்டான். நானும் கடையில் வெங்காயம் தெரிந்தெடுக்கிற மாதிரி ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்துத்தான் தெரிந்தெடுத்தேன். கறண்ட் நின்றாலும் கதவு வேலை செய்கிற மாதிரி ஒரு பற்றரி வேண்டும் என்றேன். மழைக்காலத்தில் இங்கே கறண்டை நம்பி ஒரு தோசை சுட ஏலாது. கீழே ஏதேன் நின்றால் கதவு இறங்காமல் திரும்பி மேலே போகிற சென்சர் இருக்கிறதாம், அதையும் போடச் சொன்னேன். கொழுக்கிகள் எல்லாம் துருப்பிடிக்காததாய்ப் பார்த்து எடுத்தேன். இந்தக் காற்று எதைத்தான் விட்டு வைத்தது?

இதற்கிடையில் யாரோ கனடாவுக்குச் செய்தி சொல்லிவிட்டார்கள். வேலை நடக்கும்போதே அண்ணை வீடியோவில் வந்தார். போனை அந்தப் பொடியனிடம் கொடு என்றார். கொடுத்தேன்.

“தம்பி, வைபை பெட்டி ஒண்டையும் சேர்த்துப் பூட்டிவிடும். நான் இஞ்சை இருந்தே கதவைத் திறப்பன், பூட்டுவன். ஆர் வருகினம் போகினமெண்டும் பார்க்கலாம்.”

பொடியன் பாவம், பைக்குள் இருந்து அதை எடுத்துவிட்டான். நான் போனைப் பறித்தேன்.

“நிறோசன், அதைத் திரும்பப் பைக்குள்ளை வையும். அண்ணை, நீங்கள் கனடாவிலை இருந்துகொண்டு மண்கும்பான் ஆடுகளைக் கலைக்கத் தேவையில்லை. அதுக்கு நான் இருக்கிறன்.”

“பாதுகாப்புக்குத்தானே சொல்லுறன்!”

“அக்கா வெயிலிலை பஸ்ஸுக்கு நிண்டவ. அப்ப எங்கை போனது உந்தப் பாதுகாப்பு?”

வீடியோ கோல் அறுந்தது. அவர் அறுத்தாரோ நானோ, எனக்கே தெரியாது.

இனித்தான் நீங்கள் கேட்க வேண்டிய கதை. கதவு முடிந்ததும் சாமான் வைக்கிற தட்டுகளுக்கு வந்தோம். நிறோசன் முகட்டைப் பார்த்துக்கொண்டு, “மேலாலை பெரிய தட்டொண்டு தொங்கவிட்டால் பீப்பாய் எல்லாம் ஏத்தலாம் அன்ரி, நிலம் வெறுமையா இருக்கும்” என்றான்.

“தோளுக்கு மேலை ஒண்டும் வேண்டாம்.”

“ஆரின்ரை தோளுக்கு?”

சுவரில் கையை வைத்துக் காட்டினேன். அந்த உயரம் எனக்குத் தெரியாதா? கடைசி இரண்டு வருசமும் உங்கள் தலையைப் பின்னிவிட்டது நான். சட்டை போடக் கை கொடுத்தது நான். உங்கள் வலது கை எதுவரை எழும்பும், எந்த இடத்தில் நீங்கள் பல்லைக் கடிப்பீர்கள் என்று என் கண்ணை மூடிக்கொண்டும் காட்டுவேன். நிறோசன் அங்கே பென்சிலால் கோடு போட்டான்.

எல்லாம் அந்தக் கோட்டுக்குக் கீழேதான். தட்டு, கொழுக்கி, சுவரில் கதவுக்கு அமத்துகிற சுவிச்சுக் கட்டை, எல்லாம். மோட்டர் பழுதானால் இழுத்து விடுகிற சிவப்புக் கயிறு முகட்டுக்குக் கிட்டத் தொங்கியது. அதற்கு வலைக்காரரின் நைலோன் கயிறு முடிந்து இடுப்பளவுக்கு இறக்கச் சொன்னேன்.

“அன்ரி, நீங்கள் நல்ல உயரம். இவ்வளவு பணியப் போட்டால் அரைவாசிச் சுவர் வீணாப்போகுமே?”

“போகட்டும்.”

இப்போது அந்தத் தட்டுகளில் உங்கள் சாமான்கள் இருக்கின்றன. காரைத் தூக்குகிற ஜக்கு, காற்றடிக்கிற பம்ப், ஒயில் பேணிகள், நீங்கள் கிளினிக்குக்குக் கொண்டுபோகிற கறுப்புப் பை. மிச்ச இடத்தில் என் வெங்காயப் பிடிகளும் சைக்கிளும். வேண்டுமென்றே நிரப்பினேன் அக்கா, மறைக்க மாட்டேன். கனடாப் பீப்பாய்க்கு ஒரு சாண் இடமும் இல்லை.

முதல்நாள் கதவைப் பூட்டிப் பார்த்தோம். பாதி இறங்கும்போது பக்கத்து வீட்டுக் கறுத்த ஆடு வந்து வாசலில் படுத்துவிட்டது. அது சென்சரில் பட, கதவு திரும்ப மேலே போனது. மறுபடி அமத்தினேன், மறுபடி போனது. ஆடு அசைபோட்டுக்கொண்டு என்னைப் பார்த்ததே தவிர எழும்பவில்லை. நீங்கள் போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்துக்கொண்டே அழுதுவிட்டேன். நிறோசன் ஆட்டைக் கலைக்கிற சாட்டில் வெளியே போய் நின்றான்.

நயினாதீவுத் திருவிழாவுக்கு அண்ணை குடும்பமாக வந்தார். வான் நிறையச் சாமான். நான் கராச்சுக்குள் காரைத் துடைத்துக்கொண்டிருந்தேன், கதவு பூட்டி. அவர் வந்த வேகத்தில் வெளியே நின்று கதவைக் கையால் தூக்கப் பார்த்தார். மோட்டர் பிடித்துக்கொண்டிருக்கிற கதவு வருமா?

“மலர்! உது இறுகிக் கிடக்குது! எங்கையடி நிக்கிறாய்?”

ஜன்னலால் பார்த்தேன். இன்னொருமுறை இழுத்தார். அப்படியே விட்டுவிட்டு இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டார். நீங்கள் பிடிக்கிற அதே பிடி. அவருக்கும் வந்துவிட்டது அக்கா, உங்கள் தோள். எனக்கு இரக்கம் வரவில்லை என்று சொன்னால் பொய். அப்பாவுக்குப் பிறந்த மூன்று பேர்தானே நாங்கள். ஆனால் இரக்கம் வேறு, விட்டுக்கொடுக்கிறது வேறு.

சுவரில் இருந்த கட்டையை அமத்தினேன். கதவு எழும்பியது. முதலில் அவருடைய சப்பாத்து தெரிந்தது, பிறகு வயிறு, பிறகு முகம். அவர் காரைப் பார்த்தார், நிரம்பிக் கிடந்த தட்டுகளைப் பார்த்தார், அதற்கு மேலே வெறுஞ்சுவரைப் பார்த்தார்.

“சாமானெல்லாம் எங்கை வைக்கிறது?”

“வீட்டு விறாந்தையிலை வையுங்கோ. இது கார் நிக்கிற இடம்.”

“காரை ஆர் ஓடுறது?”

“நான்தான். பின்னேரம் வெளிக்கிடுங்கோ, உங்களைக் குறிகட்டுவானிலை படகடியிலை கொண்டுபோய் விடுறன்.”

அவர் குரலை இறக்கிக்கொண்டு, “சரி. றிமோட் ரண்டு தந்திருப்பாங்கள். மற்றதை எனக்குத் தா” என்றார்.

“மற்றது அக்கான்ரை.”

“செத்த ஆளுக்கு என்னத்துக்கடி றிமோட்?”

“உயிரோடை இருக்கேக்கை கேட்டவ. நீங்கள் சிரிச்சனீங்கள்.”

மச்சாளும் பிள்ளைகளும் வானுக்குப் பக்கத்தில் அப்படியே நின்றார்கள். அண்ணை மெல்ல உள்ளே வந்து, நிறோசன் போட்ட பென்சில் கோட்டில் கையை வைத்தார். அது என்ன உயரமென்று நான் சொல்லவில்லை. தன் கையைத் தூக்கிப் பார்த்தார். கோட்டுக்கு மேல் அது போகவில்லை.

பின்னேரம் மச்சாளையும் பிள்ளைகளையும் வானில் வரச் சொல்லிவிட்டு, அவர் பின்சீற்றில் ஏறி இருந்தார். பாலத்தால் போகும்போது இரண்டு பக்கமும் கடல். படகடி வரும் வரைக்கும் அவர் நான் கியர் மாற்றுகிறதையே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது, “கிளச்சை அரைவாசியிலை வைச்சிருக்காதை, அக்கா ஏசுவா” என்றார்.

உங்கள் றிமோட் நீங்கள் கார்த் திறப்புக் கொழுவுகிற அதே ஆணியில் தொங்குகிறது. ஆணியையும் கோட்டுக்குக் கீழே இறக்கி அடித்துவிட்டேன். அது தூசு பிடிக்கட்டும் என்று தொங்கவில்லை. போன கிழமை முன்வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சி, நோ எடுத்திட்டுது என்று படலையில் நின்று கூப்பிட்டாள். கையில் அகப்பட்டது உங்களுடையதுதான். அதால்தான் கதவைத் திறந்து அவளை ஊர்காவற்றுறைக்குக் கொண்டுபோனேன். பெண் பிள்ளை, நல்ல சுகம்.

ஆகவே ஒரு சத்தியம் தருகிறேன் அக்கா. நான் இருக்கும் வரை இந்தக் கதவு பூட்டிக் கிடக்கவும் விடமாட்டேன், வேறு ஆருடைய கைக்கும் போக விடமாட்டேன். எனக்கும் ஒருநாள் அந்தத் தோள் வரும். வரட்டும். இந்தக் கதவைத் திறக்க இனி ஒரு விரல் போதும்.

உங்கள் தலை பின்னிவிட்ட தங்கச்சி,
மலர்