பெரிய உறைக்குள் போகாத தாள்

விரலில் இன்னும் கோந்து வாடை போகவில்லை. இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவியாயிற்று. இன்று நந்தனத்தில் ஒரு கல்லூரியில் தேர்தல் பயிற்சி. நாள் பூராவும் காற்றே வராத ஹாலில் உட்கார்ந்து, தபால் ஓட்டையும் போட்டுவிட்டு மந்தைவெளி வீட்டுக்கு வந்து விழுந்தேன். கால் இரண்டும் விண்விண் என்று தெறிக்கின்றன. நீ இருந்தால், "இன்னாடி இப்டி தள்ளாடிக்கினு வர்ற, கெழவி ஆயிட்டியா?" என்று கேட்டிருப்பாய். ஆமாம், ஆகிவிட்டேன்.

வகுப்பில் அவ்வளவு சுத்தமாகத் தமிழ் பேசுகிறவள், ஸ்டாஃப் ரூமில் என் பக்கத்து நாற்காலிக்கு வந்ததும் நீ பிறந்த ஊரூர் குப்பத்துப் பேச்சுக்கு மாறிவிடுவாய். ஒரே பள்ளிக்கூடத்தில் எத்தனை வருஷம்! தேர்தல் வந்தால் இருவருக்கும் சேர்ந்தே டியூட்டி ஆர்டர் வரும். வாக்குச்சாவடியில் ஊரார் ஓட்டுக்கு நாம் காவல். நம் ஓட்டுச்சீட்டு தபாலில் வீட்டுக்கு வரும். உன் சீட்டில் டிக் போடுவது உன் வீட்டுக்காரர். நீ கையெழுத்து மட்டும் போடுவாய். "அவருக்குத்தான் அரசியல் தெரியுமாம். போவட்டும், வுடு" என்பாய்.

போன தேர்தலில் அது மாறியது. சீட்டை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, பயிற்சி நடக்கும் இடத்திலேயே போட வேண்டும் என்றார்கள். உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே அன்றைக்கு! சீட்டைச் சின்ன உறையில் வைத்து ஒட்ட வேண்டும். அந்த உறையையும், நாம் கையெழுத்திட்டு அதிகாரி சான்றளித்த உறுதிமொழித் தாளையும் பெரிய உறையில் வைக்க வேண்டும். தாள் இல்லாவிட்டால் சின்ன உறையைப் பிரிக்கவே மாட்டார்கள், ஓட்டு செல்லாது. இது நமக்குத் தெரியாததா? எத்தனை பேருக்கு நாமே சொல்லிக்கொடுத்திருக்கிறோம்!

"இத்தப் புடி, பத்திரம்" என்று உன் உறுதிமொழித் தாளை என்னிடம் கொடுத்துவிட்டு மறைப்புக்குள் போனாய். அதை என் ஃபைலில் வைத்தேன். நீ வெளியே வர நேரமாயிற்று. வந்து, பெரிய உறையில் கோந்தை வழிய வழியப் பூசிக்கொண்டே, "எல்லாம் சரியா கீதான்னு ஒரு தபா பாத்துடு" என்றாய். எனக்குப் பசி, தலைவலி, அடுத்த பயிற்சி வகுப்புக்கு மணி அடித்துவிட்டார்கள். பார்க்காமலே, "எல்லாம் சரியாதான் இருக்கு, ஒட்டித் தொலை" என்றேன். நீ ஒட்டிப் பெட்டியில் போட்டாய்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் எனக்குக் கொய்யாப்பழம் வாங்கிக் கொடுத்தாய். "இத்தினி வருசத்துல இன்னிக்கிதான்டி நானா போட்டேன். யாருக்குன்னு உனக்கும் சொல்ல மாட்டேன், போ" என்று சிரித்தாய். வீட்டுக்கு வந்து ஃபைலைத் திறந்தால் உன் தாள்.

மறுநாள் போய் யாரையாவது கேட்டிருக்கலாம். அலுப்பாக இருந்தது, பயமாகவும் இருந்தது. நான் போகவில்லை. உன்னிடமும் சொல்லவில்லை. முடிவு வந்த அன்று, "நான் போட்ட ஆளு ஜெயிச்சானோ தோத்தானோ, என் ஓட்ட எண்ணிட்டாங்க இல்ல?" என்று கேட்டாய். எண்ணியிருப்பார்கள் என்றேன். அந்த மழைக்காலத்தில் நீ போய்விட்டாய். நாலு நாள் காய்ச்சல், அவ்வளவுதான்.

இன்று என் தாளைச் சரிபார்த்த அதிகாரி ஃபைலில் இருந்த உன் தாளையும் எடுத்துவிட்டார்.

"இது யாரோடதும்மா?"

"என் ஃப்ரெண்டோடது சார். போன எலெக்ஷன்ல. இப்ப இல்ல அவ."

"ஓட்டுப் போடாமலே விட்டுட்டாங்களா?"

"போட்டா சார்" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "அவளாவே போட்டா."

அவர் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "போட்டிருந்தா இது எப்படிம்மா உங்க கையில இருக்கு?"

எனக்குப் பின்னால் நீண்ட வரிசை. தாளை வாங்கி ஃபைலில் வைத்துக்கொண்டு நகர்ந்தேன். அவருக்குச் சொல்லாததை உனக்குச் சொல்கிறேன். நீ பார்க்கச் சொன்னாய். நான் பார்க்கவில்லை.