குடலிறக்கம் என்று சொன்னேன்

மச்சான், உன் மாட்டுத் தொழுவத்தை இடிக்கிறார்கள். கூரையில் செருகியிருந்த கிட்டியை உன் மகன் எடுத்து என் கையில் தந்தான். காளைக்குக் காயடிக்கும்போது விதையை இடுக்கிப் பிடிப்பாயே, அதே இரட்டைக் குச்சி. வேப்பெண்ணெய் வாசம் இன்னும் போகவில்லை. "அப்பாவுக்கு மட்டும் எலும்பு ஏன் மாமா அப்படிப் பொடிப்பொடியா ஒடிஞ்சுது?" என்று கேட்டான். அதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுத்தறியாதவன் நான், சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

இடைசெவலைச் சுற்றி எந்தக் காளைக்குக் காயடிக்கவும் உன் கைதான். அப்படிப்பட்ட உனக்கு, மூத்திரப்பைக்குக் கீழே புற்று என்று இரண்டு விதையையும் எடுத்தார்கள். துணைக்கு வந்தவன் நான் ஒருவன். திரும்பும்போது பஸ்ஸில் சொன்னாய்: "ஏலே, குடலிறக்கம்னு சொல்லிரு. இல்லன்னா டீக்கடையில என்னையக் கலப்பையில பூட்டிருவானுவ." வாய் சிரித்தது, கண் சிரிக்கவில்லை. குலசாமி மேல் சத்தியம் செய்தேன்.

புற்று அடங்கியது. மூன்றாம் வருஷம் ஒரு கிடாய் லேசாக முட்ட, நீ கையூன்றி விழுந்தாய்; மணிக்கட்டு ஒடிந்தது. கோவில்பட்டியில் எலும்பு டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதுக்கா ஒடிஞ்சுது? முன்னால ஆபரேசன் ஏதும் உண்டா?" நீ என் காலை மிதித்தாய்.

"குடலிறக்கம்யா" என்றேன். மாவுக்கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்.

அடுத்த பருத்தி வெடிக்குமுன் வாசற்படி தடுக்கி இடுப்பு எலும்பும் போயிற்று. அன்றுதான் டாக்டரிடம் தனியே போய் உண்மையைச் சொன்னேன். தலையில் கைவைத்துக்கொண்டார். "ஆம்பளைக்கும் எலும்பக் காக்குறது ஹார்மோன்தான்யா. விதைய எடுத்தா அந்த ஊத்து வத்திரும், எலும்பு உளுத்துப்போகும். அன்னைக்கே சொல்லியிருந்தா மருந்து குடுத்துப் பாத்திருப்பனே."

உன்னிடம் வந்து சொன்னேன். "காயடிச்ச மாடு வண்டி இழுக்கலையா? எனக்கு மட்டும் ஏம்லே ஒடியுது?" என்றாய். நாற்பது நாள் படுக்கையில் கிடந்து போய்ச் சேர்ந்தாய்.

இன்று உன் மகனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், மச்சான். சத்தியம் போயிற்று. "எங்கிட்டச் சொல்லியிருந்தா நானா மாமா சிரிச்சிருப்பேன்?" என்றான்.

கிட்டியை என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அன்று நீ மிதித்த காலை இழுத்துக்கொண்டு டாக்டரிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். மிதிபட்டுக்கொண்டே நின்றேன். அந்தக் கால் இப்போதும் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது.