தாழ்வாரத்தில் ஓடிய கால்கள்

அன்புள்ள அம்மாவுக்கு, ஃபுமியே வணங்கி எழுதுவது. உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? நான் நலம்.

எங்கள் தீவுப் பள்ளிக்கூடத்தில் சினிமா எடுக்கிறார்கள் அம்மா! கிராமத்து டீச்சர் கதை. டீச்சராக நடிப்பவர் டோக்கியோ நடிகை. பிள்ளைகள் தினமும் தவிட்டுப் பையால் தேய்த்துப் பளபளப்பாக்கிய தாழ்வாரத்தில் அவர் ஓடிவர வேண்டும். ஒவ்வொரு தடவையும் வழுக்கி விழுந்தார். என் மூன்றாம் வகுப்பு மாணவி கிகுயோவுக்குப் பொறுக்கவில்லை.

"இவங்களுக்கு ஓடவே தெரியல. எங்க டீச்சர் தினமும் லேட்டா வந்து இதுலதான் ஓடுவாங்க" என்று டைரக்டரிடம் சொல்லிவிட்டாள். பக்கத்திலேயே ஹெட்மாஸ்டர்.

டைரக்டர் சிரித்துவிட்டு என்னையே ஓடச் சொன்னார். நன்றாகத்தான் ஓடினேன், நிற்க முடியாமல் கேமராவில் போய் மோதினேன். கணுக்கால் லேசாக வீக்கம், பயப்படாதீர்கள்.

உப்பில் ஊறிய பிளம் கொஞ்சம் அனுப்புங்கள். நிறைய வேண்டாம், சாப்பிட நான் ஒருத்திதானே. தபால் படகு ஊதிவிட்டது, முடிக்கிறேன்.

படம் நம் ஊருக்கு வந்தால் கட்டாயம் பாருங்கள். முகம் அந்த நடிகையுடையது, ஓடுகிற கால்கள் என்னுடையவை. விரல் பக்கம் நீங்கள் ஒட்டுப் போட்ட காலுறையை மாற்றச் சொன்னார்கள். அம்மாவுக்கு அடையாளம் தெரிய வேண்டுமே என்று மாட்டேன் என்றுவிட்டேன்.

ஃபுமியே